புலனுணர்வுப் பாடத்துக்குத் தற்காலிகப் பயிற்றுநரைத் தேடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உளவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் நியமனக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வரும் பருவத்தில், புலன்கள் எப்படி உணர்கின்றன, உணர்ந்ததை மனம் எப்படிப் பொருள்படக் காண்கிறது என்பதைச் சொல்லும் புலனுணர்வும் புலக்காட்சியும் என்ற பாடத்தைக் கற்பிக்க, அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் தற்காலிகப் பயிற்றுநர் ஒருவர் தேவை என்று துறை வெளியிட்ட அறிவிப்பைச் சென்ற வாரம் படித்தேன். அரைப் பக்க அறிவிப்பு அது. முதுகலைப் பட்டம் வேண்டும், கற்பித்த அனுபவம் இருந்தால் நல்லது, உடனே பணியில் சேரக்கூடியவருக்கு முன்னுரிமை என்ற மூன்று வரிகளுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த மூன்றாவது வரிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடாமல் விடுகிறேன். இங்கே சொல்லப்போவது ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று. மேலும், குறை சொல்லிப் பெயரெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கில்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஊத்தான் மெலிந்தாங்கில் வசிப்பவன். தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா ரப்பர்ப் பால் வெட்டிச் சம்பாதித்த காசில் இடைநிலைப்பள்ளி வரை படித்து, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பழத் தரம் பார்க்கும் வேலை செய்தேன். லோரிகள் கொண்டுவந்து கொட்டும் குலைகளில் எது பழுத்தது, எது பழுக்காதது, எது அழுகியது என்று சொல்ல வேண்டும். நாங்கள் அந்த வேலைக்காரரைக் கிரேடர் என்போம். ஆலையை விட்டு வந்த பின், பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏப்பல் வழியாக விண்ணப்பித்து, வார இறுதி வகுப்புகளில் உளவியல் படித்துவருகிறேன். நீங்கள் ஆள் தேடும் பாடத்தைச் சென்ற ஆண்டே முடித்துவிட்டேன், தேர்ச்சியும் பெற்றுவிட்டேன். ஆகவே இந்த மடலால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குப் பின்னால் வரும் வகுப்பில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டும் இதே நிலைதான். நிரந்தர விரிவுரையாளர் விடுப்பில் இருந்தார். பருவம் தொடங்கி இரண்டு வாரங்கள் வகுப்பே நடக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பண்பாகப் பேசுவார், கேள்வி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அவர் படித்தது ஆலோசனை உளவியல். இந்தப் பாடத்தை அவர் அதற்கு முன் கற்பித்ததில்லை என்பதை முதல் நாளே அவரே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வேறு இரண்டு கல்லூரிகளிலும் அவருக்கு வகுப்புகள் இருந்தன. திரையில் காட்டுவதற்கென்று யாரோ எப்போதோ தயாரித்த படவில்லைகள் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றை அவர் வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். ஆய்வுக்கூடத்தின் சாவி அவரிடம் இல்லை. நூலகக் கணக்கு அவருக்குக் கிடைத்தபோது பருவத்தில் பாதி போய்விட்டிருந்தது. அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மூன்றாம் வாரத்தில் ஒருவரை அழைத்து வந்து, சாவியும் கொடுக்காமல், வெளிச்சத்தைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் வாயால் மட்டும் பாடம் நடத்தச் சொன்னால் யாராலும் அதற்கு மேல் செய்ய முடியாது.

அந்த வகுப்பில் என் கைநழுவிப் போன ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் எத்தகையவரைத் தேட வேண்டும் என்பதற்கு அதுவே போதிய விளக்கமாக இருக்கும்.

ஏழாம் வாரமோ எட்டாம் வாரமோ, சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்ற தலைப்பில் ஒரு படவில்லை வந்தது. நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. இருப்பதை இருக்கிறது என்பது, இருப்பதைத் தவறவிடுவது, இல்லாததை இருக்கிறது என்பது, இல்லாததை இல்லை என்பது. போர்க்காலத்தில் ராடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தவர்களின் சிக்கலிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது என்றும், 1966இல் கிரீன், சுவெட்ஸ் என்ற இருவர் இதை நூலாக்கினார்கள் என்றும் எழுதியிருந்தது. பயிற்றுநர் அதை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பேருந்துக் களைப்போடு அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான், இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்துவந்த வேலையின் பெயரே அதுதான் என்பது எனக்கு உறைத்தது.

பழுக்காத குலையில் எண்ணெய் குறைவு. அதைப் பழுத்தது என்று ஏற்றுக்கொண்டால் ஆலைக்கு நட்டம். பழுத்ததைப் பழுக்காதது என்று ஒதுக்கினால் கொண்டுவந்த சிறுதோட்டக்காரருக்கு நட்டம். அவர் லோரிப் படியில் நின்றபடியே என் தாய் தகப்பனை இழுத்துப் பேசுவார். இரண்டு தவறுகளுக்கும் நடுவில் நிற்பவன் கிரேடர். எண்ணெய் விகிதம் குறைந்த மாதங்களில் நிர்வாகி என்னை அழைத்துக் கடிந்துகொள்வார். மறுநாள் நான் ஒதுக்கும் குலைகள் கூடிவிடும். பழுக்காதவை கூடுதலாக மாட்டும்; கூடவே நல்ல குலைகளும் சேர்ந்து அடிபடும். ஒரே இரவில் என் கண் கூர்மையாகிவிடவில்லை. என் கண் அப்படியேதான் இருந்தது. எங்கே கோடு போடுவது என்பதுதான் மாறியிருந்தது. கண்ணின் கூர்மை வேறு, தீர்ப்பின் கோடு வேறு, இரண்டையும் தனித்தனியாக அளந்து சொல்ல முடியும் என்பதே அந்தக் கோட்பாட்டின் சாரம். கண்ணைக் குறை சொல்லி என்மீது எத்தனை முறை புகார் எழுதப்பட்டதோ, அத்தனை முறையும் உண்மையில் நகர்ந்தது அந்தக் கோடு. இதை நான் முப்பது வயதில் அறிந்திருந்தால் நிர்வாகியிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

நான்கு கட்டங்களை வாசித்துவிட்டுப் போகாமல், ‘இங்கே யாராவது சரக்கு பார்த்து வாங்கும் வேலை செய்திருக்கிறீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால் போதும். நான் எழுந்து பேசியிருப்பேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தியும் எங்கள் வகுப்பில் இருந்தாள், அவளும் பேசியிருப்பாள். அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் மறந்திருக்காது.

தற்காலிக நியமனத்தில் குழுவின் கோடும் இப்படித்தான் நகர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பருவம் தொடங்க நாள் நெருங்க நெருங்க, வகுப்பில் ஆளில்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் கூடுகிறது. ‘முதுகலை இருக்கிறது, திங்கட்கிழமை வரமுடியும் என்கிறார், போதும்’ என்ற அளவுக்குக் கோடு தாழ்கிறது. விண்ணப்பம் செய்தவர்களின் தரமோ தங்களின் மதிப்பிடும் திறனோ குறைந்ததால் அன்று, நாட்காட்டி நெருக்குவதால். நிரந்தர விரிவுரையாளரின் விடுப்பு முன்கூட்டியே தெரிந்ததுதான். அறிவிப்பு மட்டும் ஏன் கடைசி மாதத்தில் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இளங்கலை வகுப்புக்குக் கற்பிக்க முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்ற தகுதி விதியை நான் அறிவேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உளவியலில் முதுகலை என்பது பெரிய கடல். நான் கண்டவரை நம் வட்டாரத்தில் அந்தப் பட்டம் பெற்றவர்களில் பலர் ஆலோசனை, சிகிச்சை, தொழில்துறை உளவியல் பக்கம் போனவர்கள். புலனுணர்வு என்பது இன்னொரு கரை. அங்கே இயற்பியல் இருக்கிறது, நரம்பியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. விழித்திரையின் கூம்பணுக்களும் கோலணுக்களும், காதின் நத்தை எலும்பும், தோலின் அழுத்த உணர்விகளும் இருக்கின்றன. அந்தக் கரையில் ஒருமுறையாவது கால் நனைத்தவரை அழையுங்கள். அப்படிப்பட்டவர் கிடைக்கவில்லை என்றால், புதிதாகப் படித்துக் கற்பிக்கத் துடிப்புள்ளவரைத் தேர்ந்து, படிப்பதற்கு அவருக்கு இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். அவகாசமும் கொடுக்காமல் துறை அறிவும் இல்லாமல் ஒருவரை அனுப்புவதுதான் மாணவருக்கும் அவருக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி.

நேர்முகத் தேர்வைப் பற்றி ஒன்று. விண்ணப்பதாரரை உட்காரவைத்து, உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்பதை இம்முறை சற்று ஒதுக்கிவைத்து, இருபது நிமிடம் பாடம் நடத்தச் சொல்லுங்கள். கணினித் திரை வேண்டாம். மேசைமேல் சில சாமான்களை மட்டும் வையுங்கள்: ஒரே எடைக்கு அரிசி நிரப்பிய பெரிய மைலோ டின் ஒன்று, சிறிய மைலோ டின் ஒன்று, சில காகிதக் குவளைகள், ஒரு சிறு தராசு, ஒரு பச்சை மிளகாய்.

இந்தத் துறையைத் தெரிந்தவர் அந்த இரண்டு டின்களைக் கண்டதும் சிரிப்பார். எடை ஒன்றேயாயினும் கையில் தூக்கினால் சிறியதுதான் கனமாகத் தோன்றும்; தராசில் வைத்துக் காட்டி, இரண்டும் சமம் என்று கண்ணால் பார்த்த பிறகும் அப்படியே தோன்றும். அறிவு திருந்தினாலும் புலன் திருந்தாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எந்தப் படவில்லையாலும் முடியாது. குவளைகளைக் கொண்டு அவர் வேபரின் விதியை விளக்கலாம். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் 19ஆம் நூற்றாண்டில் ஏர்ன்ஸ்ட் வேபர் எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி அளந்தது அது. கையில் இருப்பது 100 கிராம் என்றால் ஏறக்குறைய 2 கிராம் கூடினால்தான் வேறுபாடு தெரியும்; 1,000 கிராம் என்றால் 20 கிராம் கூட வேண்டும். கூடும் அளவு முக்கியமன்று, எதன்மேல் கூடுகிறது என்பதே முக்கியம். ஒவ்வோர் எடை மூட்டையையும் கையால் தூக்கிப் பழகிய எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். 1860இல் ஃபெக்னர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த விதியிலிருந்தே, புலன் உணர்வை அளக்கும் உளஇயற்பியல் என்ற துறையைக் கட்டி எழுப்பினார் என்பதை அதன் பிறகு சொன்னால் பெயரும் ஆண்டும் தாமாகவே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மிளகாய் எதற்கு என்று கேட்பீர்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரைபடம் இருக்கும். நானும் அதை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான். 1901இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னாளில் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் உணரப்படுகின்றன. விண்ணப்பதாரரிடம் நாக்கை வரையச் சொல்லுங்கள்; அந்தப் பழைய வரைபடத்தை அவர் தயங்காமல் வரைந்தால் மேற்கொண்டு யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு, காரம் எந்தச் சுவை என்று கேளுங்கள். காரம் சுவையே அன்று, சூட்டையும் வலியையும் உணரும் உணர்வியை மிளகாயிலுள்ள பொருள் ஏமாற்றுவதால் வரும் எரிச்சல் என்று அவர் சொல்ல வேண்டும். அந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அறுசுவையில் கார்ப்பையும் சேர்த்துக்கொண்ட நம் மரபை அவர் எப்படி மதித்துப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். அந்த மரபைக் கேலி செய்பவரும் எங்களுக்கு வேண்டாம், எல்லாம் அப்போதே நம்மிடம் இருந்தது என்று பூசி மெழுகுபவரும் வேண்டாம்.

எடுத்துக்காட்டுகளை அவர் எங்கிருந்து எடுப்பார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் பாடநூல்கள் அமெரிக்க மாணவருக்காக எழுதப்பட்டவை. பனிச்சறுக்கும் பேஸ்பால் பந்தும் அவற்றில் நிறைய வரும். அவற்றை அப்படியே ஒப்பிப்பவர் எங்களுக்குப் பயன்பட மாட்டார். எங்கள் பக்கத்துத் தெலுக் இந்தான் நகரின் சாய்ந்த கோபுரத்தைப் பாருங்கள். 1885இல் நீர் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டது அது. வெளியே நின்று எண்ணினால் எட்டு அடுக்கு, உள்ளே ஏறினால் மூன்றே மாடி. எத்தனை முறை உள்ளே போய் வந்தாலும் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் எட்டுதான். புலக்காட்சி என்ற சொல்லை விளக்க எங்கள் ஊர்ப் பயிற்றுநர் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். காய் கருஊதாவாக இருக்கும், பழுக்கப் பழுக்கச் செம்மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் எவருக்கும் தெரியும் வேறுபாடு அது. மாலை மங்கும் நேரத்தில் வரும் லோரிகளில்தான் சண்டை வரும். நன்றாகப் பழுத்த குலையும் அந்நேரம் கறுத்துத் தெரியும். வெளிச்சம் குறையும்போது சிவப்பு இருண்டு நீலமும் பச்சையும் சற்றுத் தூக்கலாகத் தெரியும் என்பதைப் புர்க்கின்யே என்ற செக் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்தார்; அந்நேரம் பார்வை கூம்பணுக்களிடமிருந்து கோலணுக்களின் பொறுப்புக்கு மாறுகிறது, கோலணுக்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது என்ற காரணம் பின்னாளில்தான் தெரியவந்தது. இரவு வேலை முறையில் வேறு வகைத் தொல்லை. முற்றத்து மஞ்சள் சோடியம் விளக்கின்கீழ் காயும் பழமும் ஒரே நிறமாகிவிடும்; வெளிச்சத்திலேயே பல நிறங்கள் இல்லாதபோது பொருளின் நிறத்தைப் பிரித்தறியக் கண்ணுக்கு வழியில்லை. அப்போது நான் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு, பழம் உதிர்ந்த குழிகளைக் கையுறையில்லாத விரலால் தடவி எண்ணுவேன். செம்பனை வாரியத்தின் தர வழிகாட்டியிலும் பழுத்த குலைக்குக் குறைந்தது பத்துக் குழிகள் என்ற கணக்கு இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பாதே என்று யாரோ அனுபவசாலி அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவின் கதை இதைவிடப் பழையது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போவார். பட்டையைச் சீவும் கத்தி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். அதற்கு முன்னாலேயே நின்றால் பால் குறையும். தாண்டினால் மரத்தில் காயம்பட்டு முண்டு விழும், கங்காணி ஏசுவார். அந்த அரையிருட்டில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண் பார்க்கவில்லை, மணிக்கட்டு பார்த்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால், ‘கத்தி சொல்லும்பா’ என்பார். தொடு உணர்வு, தசை உணர்வு என்று பாடத்தில் வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சொல்தான்.

அதே அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அடுப்படி வரை நடந்து வருவார். அரசாங்கக் கிளினிக்கில் தாதி ஒரு மெல்லிய நைலான் இழையால் அவர் பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தி, ‘தெரிகிறதா அம்மா?’ என்று கேட்டார். 10 கிராம் விசையில் வளையும் இழை அது. அந்த அழுத்தம் தெரியவில்லை என்றால் பாதத்துக்கு ஆபத்து. அம்மா சில இடங்களில் தொடாதபோதும் ‘தெரியுது’ என்றார், தாதியைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று. உணர்வின் வாசல் என்று நூல்கள் சொல்லும், உணரத் தொடங்கும் குறைந்த அளவும், மரியாதைக்காக மாறும் அந்தக் கோடும் எங்கள் கிளினிக் பெஞ்சில் ஒருசேர உட்கார்ந்திருந்தன. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உளவியல் படித்து ஆலோசகராகவும் ஆசிரியராகவும் போகப்போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எதற்கு, இதில் வேலைவாய்ப்பு இல்லையே என்று கேட்பவர்கள் அந்த பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆலை எனக்கு விட்டுப்போன நினைவு காதில் இருக்கிறது. கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் நின்ற ஆண்டுகளின் விளைவு. 2019இல் வந்த ஒலி விதிகள் ஒரு நாளின் வேலைக்கு 85 டெசிபலை எல்லையாக வைக்கின்றன. நான் சேர்ந்த காலத்தில் காதடைப்பான் கேட்பவனைக் கோழை என்பார்கள். செவித்திறன் சோதனைத் தாளில் என் கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழும். ஓசையால் கெட்ட காதின் அடையாளம் அந்தப் பள்ளம். அதனால் எனக்கு உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். ‘ச’, ‘ஸ’, ‘ப’, ‘த’ போன்றவை கூட்டத்தில் கரைந்துவிடும். பேச்சு கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்பார்களே, அதுதான். சென்ற ஆண்டு வகுப்பில் சரியாக அதே வடிவமுள்ள செவித்திறன் வரைபடம் திரையில் வந்தது. அதற்குச் சொந்தக்காரன் முன் வரிசையில், வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயிற்றுநர் திரையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார். அந்தப் பகுதியை நான் பிறகு நூலகத்தில் தனியாகப் படித்தேன். காதின் நத்தை எலும்பில் உயர்ந்த சுருதிகள் வாசலருகிலும் தாழ்ந்தவை உள்ளேயும் இடம்பிடித்திருக்கின்றன என்றும், அலை அங்கே எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது என்றும் தெரிந்துகொண்டேன். புலன்களைக் கற்பிக்க வருபவர் எதிரில் இருப்பவர்களின் புலன்களையும் சற்றுக் கவனிப்பவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்பது அதிகப்படியாகாது என நம்புகிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரே அறையில் தமிழும் மலாயும் மாண்டரினும் பேசும் மாணவர் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு பல நாட்டுப் பேராசிரியர்களுக்குக் கிடைக்காதது. ‘மனம்’, ‘மணம்’ என்ற இரண்டையும் தமிழ் மாணவர் எளிதில் பிரித்தறிவார். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். மாண்டரின் பேசும் மாணவி ஒரே அசையை நான்கு சுருதியில் சொன்னால் அதில் திணறுவது எங்கள் முறை. ஆறேழு மாதக் குழந்தை பிற மொழி ஒலிகளையும் வேறுபடுத்திக் கேட்கும் என்றும், ஏறக்குறைய ஒரு வயதாகும்போது தன் வீட்டில் புழங்காத ஒலிகளுக்கு அந்தக் கூர்மை மங்கத் தொடங்கும் என்றும் 1984இல் வெர்கர், டீஸ் என்ற கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைக் காட்ட எங்கள் வகுப்பில் கருவி எதுவும் வேண்டாம்; மூன்று மாணவரை முன்னால் அழைத்து நிறுத்தினால் போதும். அப்படி அழைக்கத் தோன்றும் ஒருவரைத் தேடுங்கள்.

இனிச் சம்பளம். இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது, மாணவன் பேசக்கூடிய விஷயமா என்று. ஆனால் தோட்டத்துக்காரனுக்குக் கூலிக் கணக்கு பேசத் தெரியாமல் இருக்காது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் மாணவர் செலவிட வேண்டிய நேரம் 120 மணி என்று நம் தகுதிக் கட்டமைப்பே கணக்கிடுகிறது. வாரத்துக்கு மூன்று மணி வீதம் 14 வாரங்களுக்குப் பயிற்றுநர் வகுப்பில் நிற்பது 42 மணி. அந்த 42 மணிக்கு மட்டும் ஊதியம் கொடுத்தால், தயாரிப்பும் திருத்தமும் கேள்வித்தாளும் மாணவர் சந்திப்பும் பயணமும் யார் கணக்கில்? என் அம்மாவுக்குப் பாலின் எடைக்குத்தான் கூலி. மழை பெய்தால் கூலி இல்லை, மலைக்காட்டுக்கு நடந்துபோன நேரத்துக்கும் கூலி இல்லை. முதுகலை படித்தவரை அதே கணக்கில் வைத்துக்கொண்டு, அவர் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு ஓடுகிறார் என்று குறைப்பட முடியாது. பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தேர்வுத் தாள் திருத்தி முடிக்கும் வரை மாத ஊதியமாகக் கொடுங்கள். சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பும் அதில் இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு பாடம் கொடுத்தால் இது துறைக்கும் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். புள்ளியியல் ஆய்வுக்கூட வகுப்புக்கும் ஆள் போதவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

பணம் செலவாகாத சிலவும் உண்டு. முதல் நாளே ஆய்வுக்கூடச் சாவி, நூலகக் கணக்கு, மின்னஞ்சல் முகவரி. நிரந்தர விரிவுரையாளர் விடுப்புக்குப் போகுமுன் ஒரு பிற்பகல் அவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது. இவை நடந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

விண்ணப்பத்தின் கடைசி நாளை இரண்டு வாரம் தள்ளி வைத்து, அறிவிப்பைத் திருத்தி வெளியிட முடியுமா என்று பணிவோடு கேட்கிறேன். ‘உடனே சேரக்கூடியவர்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘மாணவர் தம் கையாலும் கண்ணாலும் செய்துபார்க்கும் பயிற்சிகளோடு கற்பிக்கக்கூடியவர்’ என்று ஒரு வரி சேர்த்தால், யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதே மாறும். நேர்முகத் தேர்வுக்கு அந்த இரண்டு மைலோ டின்கள் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கின்றன. அரிசி நிரப்பி, எடை பார்த்து, மூடி ஒட்டி வைத்திருக்கிறேன். தேர்ந்தெடுக்கப்படுகிறவர் விரும்பினால், நிறம் பற்றிய வாரத்தில் பழுத்தது, பழுக்காதது, அரைப்பழம் என்று மூன்று குலைகளை ஒரு சனிக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து இறக்குகிறேன். முள் குத்தும், மாணவர்களைக் கையுறை கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பகுதிநேர உளவியல் மாணவன், முன்னாள் கிரேடர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்